கேரம் மேசைக் காலடியில் கிடந்த வெள்ளிக்காசு

ராயபுரத்தில் ஸ்டானிஸ்லாஸ் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ரன்னர்-அப் ஸ்டானி வீடு என்று கேட்டால் மீன் மார்க்கெட்டில் இருந்தே கைகாட்டி விடுவார்கள். துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி, ஒரு பெட்டியைக்கூடக் கீழே போடாதவர். அப்பேர்ப்பட்ட கை, தன் வீட்டு முன்கொட்டகையில் தானே ஆரம்பித்த கேரம் மன்றத்தில் மட்டும், ஏழு வருடமாக இறுதிப் போட்டியில் எலக்ட்ரீஷியன் குமாரவேலிடம் தோற்றுக்கொண்டே வந்தது. ஷோகேஸில் ஏழு சின்னக் கோப்பைகள் நிற்கும். வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள்.

எட்டாவது இறுதிப் போட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை. இந்தத் தடவையும் தோற்றால் இனி ஸ்ட்ரைக்கரைத் தொடுவதில்லை என்று மாதா படத்துக்கு முன்னால் சத்தியம் செய்துவிட்டார்.

புதன்கிழமை பழகும்போது ஸ்ட்ரைக்கர் துள்ளிக் கீழே விழுந்தது. அதை எடுக்க தாவூது மேசைக்கடியில் நுழைந்தார். வண்ணாரப்பேட்டையில் பழைய காசும் தபால்தலையும் விற்கிறவர், ஸ்டானியின் நாற்பது வருடத் தோஸ்து. உள்ளே போனவர் வெளியே வரவில்லை.

"மாமு, ஃபேன் பக்கத்துக் காலுக்கு அடியில இன்னாத்த ஒட்டி வெச்சிகிற?"

"மேச ஆடிச்சிப்பா. ஒரு கப்பல்காரன் குடுத்த காசு சும்மா கெடந்துச்சி. செல்லோடேப் போட்டு ஒட்டி முட்டுக் குடுத்தேன். எட்டு வருசம் இருக்கும்."

"வெள்ளி நைனா இது. ஓரத்தப் பாத்தாலே தெரியுது. இத்த போயி மேசக்காலு மிதிச்சிகினு கீது."

தாவூது அதைப் பிடுங்கி, அந்த இடத்தில் ஒரு இரண்டு ரூபாய்க் காசைச் செருகினார். பிடுங்கியது காசாகவே தெரியவில்லை. பசையும் பட்டையும் அழுக்குமாக ஒரு பழைய புண் கட்டு மாதிரி இருந்தது. அடுத்த மாதம் பழைய காசுக் கண்காட்சி வைக்கிறோம், சுத்தம் செய்து கொடு என்று சொல்லி நிபந்தனையும் போட்டார்.

"அசிட்டோன்ல ஊற வெய்யி, பசை தானா கரைஞ்சிடும். அடுப்புகிட்ட போவாத. புளி, சாம்பல் எதுவும் கூடாது. தேய்க்கவே தேய்க்காத. ஒரு கீறல் வுழுந்தாலும் காசு காலி."

கேரம் ஆடுகிறவனுக்கு உலகத்தில் எது ஒட்டினாலும் மருந்து ஒன்றுதான், போரிக் பவுடர். தாவூது தெருமுனை திரும்புவதற்குள் ஸ்டானி அரை டப்பாவைக் கொட்டிவிட்டார். பசையும் பவுடரும் கலந்து இட்லி மாவாகிக் காசு உள்ளே காணாமல் போனது.

அடுத்த நாள் அடங்கி ஒடுங்கி அசிட்டோன் வாங்கி வந்தார். நல்ல காரியத்துக்கு நல்ல பாத்திரம் வேண்டுமே என்று, ரன்னர்-அப் கோப்பைகளிலேயே பளபளப்பான ஒன்றை எடுத்து அதில் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் கோப்பை இளகி உட்கார்ந்துவிட்டது. அது பித்தளை என்று அவர் நம்பியிருந்தார். ஏழு வருடம் தோற்றதுகூட அவருக்கு அவ்வளவு வலிக்கவில்லை, பிளாஸ்டிக்குக்காகத் தோற்றது வலித்தது.

மூன்றாவது முயற்சியாகக் கண்ணாடி டம்ளரில் போட்டார். பட்டைகள் ஒவ்வொன்றாக இளகி வந்தன. கடைசியில் வந்தது அவர் ஒட்டிய செல்லோடேப். அதற்கு மேலே இருந்ததெல்லாம் ஆஸ்பத்திரி பிளாஸ்டர். நாலாக மடித்து ஒட்டியவை, எண்ணிப் பார்த்தால் ஏழு.

குமாரவேல்தான், அயோக்கியன், என்று கொதித்து எழுந்தவர் அப்படியே உட்கார்ந்தார். ஒவ்வொரு பிளாஸ்டரிலும் ஒரு முனை மட்டும் சின்னதாக மடக்கி விடப்பட்டிருந்தது, பிரிக்கும்போது நகத்துக்கு அகப்பட. முப்பது வருடம் நர்ஸ் வேலை பார்த்த அவர் மனைவி ஹில்டாவின் பழக்கம் அது. போன வருடம் அவர் முதுகுக் கட்டிக்கும் அப்படித்தான் ஒட்டினாள்.

ஹில்டா கொல்லையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏ ஹில்டா, இன்னா இது?"

அவள் தலை நிமிரவில்லை. "குமாரவேலு வேர்வ ஒடம்பு, எப்பவும் ஃபேன் பக்கந்தான் குந்துவாரு. அந்தக் காலு கொஞ்சம் ஒசந்தா பலக உங்க பக்கம் சாயும், காயெல்லாம் உங்க குழிக்கே ஓடியாரும்னு நெனச்சேன். ஒவ்வொரு ஃபைனலுக்கும் கொட்டாய பெருக்க சொல்லோ ஒண்ணு ஒட்டினேன். ஒண்ணு பத்தல, ரெண்டு பத்தல. இன்னா ஒட்டியும் நீங்க தோத்துகினேதான் வந்தீங்க."

ஸ்டானி மனசுக்குள் பலகையைச் சாய்த்துப் பார்த்தார். பலகை இவர் பக்கம் சாய்ந்தால் இவர் அடித்த காயெல்லாம் மேடு ஏற வேண்டும். குமாரவேல் அடித்தது பள்ளத்தில் வழுக்கிக்கொண்டு வரும். ஏழு வருடம் இவர் மலை ஏறியிருக்கிறார், ஏற்றிவிட்டவள் எதிரில் மீன் ஆய்கிறாள்.

வாயைத் திறந்தார். அவள் கண் கலங்கியிருந்தது. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டார். "அதனாலதான் ரன்னர்-அப் வரைக்குமாவது வந்தேன். இல்லாங்காட்டி மொத ரவுண்டுலயே போயிருப்பேன்" என்றார். அவள் அன்றைக்கு நெத்திலி வறுவலை அவர் தட்டில் இரண்டு மடங்கு வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, தாவூது செருகிய இரண்டு ரூபாய்க் காசில் சமமாக நின்ற பலகையில், ஸ்டானி குமாரவேலை நேர் ஆட்டத்தில் வென்றார். கொட்டகையே அவரைத் தூக்கிக்கொண்டது. எப்படி மாமு, எப்படி என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

"எல்லாம் ஹில்டாதான்" என்றார். அதில் எவ்வளவு உண்மை என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

கூட்டம் கலைந்ததும் ஹில்டா அவர் காதோரம் வந்தாள். "இந்த வருசம் ஒட்டவே இல்லீங்க, பயந்துகினே இருந்தேன். அடுத்த வருசம் ரெண்டா ஒட்டிடறேன்."

ஸ்டானி புதுக் கோப்பையை நகத்தால் சுண்டிப் பார்த்தார். இதுவும் பிளாஸ்டிக்தான்.

"ஒட்டு" என்றார்.