கோபுரத்தில் கேட்ட ‘டக்’

எங்கள் வீட்டில் ‘ரிலாக்ஸ்’ என்ற வார்த்தையைக் கண்டிப்போடு பயன்படுத்துகிறவள் என் மகள். அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். அந்தப் பெரிய கேளிக்கைப் பூங்காவுக்கு இரண்டு நாள் டிக்கெட் எடுத்ததும், பக்கத்திலேயே தங்க அறை பிடித்ததும், திட்டம் போட்டதும் அவள்தான். முதல் நாள் யாரும் ஓடக் கூடாது. சின்னச் சின்ன ரைடுகள், படகு, நல்ல சாப்பாடு, புல்லில் உட்கார்ந்து வேடிக்கை. தலைகீழாகத் தொங்கவிடுகிற சமாச்சாரமெல்லாம் மறுநாள்தான்.

“அப்பா, கேட்டுக்கோங்க. ஃபர்ஸ்ட் டே ஃபுல் ரிலாக்ஸ். போன் சைலன்ட்ல இருக்கணும். பக்கா?”

“பக்கா” என்றேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். மும்பையில் செம்பூரிலிருந்து மாட்டுங்கா வரை இருபதுக்கு மேற்பட்ட கட்டடங்கள் என் கையில். லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் உள்ளே மாட்டிக்கொண்டவர் வீட்டுக்குப் பேசுவதற்கு முன் எனக்குத்தான் பேசுவார். சர்ச்சில் ஜெபம் நடக்கும்போதுகூட என் சட்டைப்பை அதிரும். அன்று என்னோடு வேலை செய்பவரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்திருந்தேன். இருந்தாலும் எங்கள் வீடு இருக்கும் திலக் நகரிலிருந்து டாக்ஸி கிளம்பி வாஷி பாலம் தாண்டுவதற்குள் நான்கு தடவை போனை எடுத்துப் பார்த்துவிட்டேன். ஐந்தாம் தடவை என் மனைவி அதை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

பத்து மணிக்குத் திறக்கிற கேட்டுக்கு எட்டரைக்கே போய்ச் சேர்ந்தோம். எல்லாரையும் இருட்டிலேயே எழுப்பியது நான்தான்.

“இதுதான் ரிலாக்ஸா?” என்று மகள் கேட்டாள். மகனுக்கு ஒன்பது வயது. அவன் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே தெரிந்த ராட்டினங்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

உள்ளே போனதும் மற்ற மூவரின் உடம்பிலும் இறுக்கம் தளர்ந்ததை என்னால் பார்க்க முடிந்தது. மனைவி செருப்பைக் கழற்றிப் புல்லில் கால் நீட்டி உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி பில்லிங் கவுன்டரில் வாரம் ஆறு நாள் நிற்கிறவள். “ஏங்க, நீங்களும் உக்காருங்களேன்” என்றாள். உட்கார்ந்தேன். இரண்டு நிமிடத்தில் எழுந்தேன். எதிரே குழந்தைகளின் குட்டி ரயில் வளைவில் திரும்பும்போது ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. அதன் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்தேன். கார் ரைடில் மகன் சுற்றி வந்து கையசைத்தபோது நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அவன் இருக்கைக்கு அடியில் இருந்த போல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “அப்பா, நான் கை காட்னேன், நீங்க பாக்கவே இல்ல” என்று அவன் வந்து குறைப்பட்டுக்கொண்டான்.

சாப்பாட்டுக்கு முன்பாக மகள் எங்களை ஒரு கோபுரத்துக்கு அழைத்துப் போனாள். ஒரு பெரிய இரும்புத் தூண். அதைச் சுற்றி வளையம் போல ஒரு கண்ணாடிக் கூண்டு. நாற்பது பேர் உட்கார்ந்தால் அது மெதுவாக மேலே ஏறும், உயரத்தில் மெல்லச் சுற்றிக் காட்டும், பிறகு இறங்கும். “இதுக்கு மேல ரிலாக்ஸ்டா ஒண்ணும் கிடையாது. சும்மா உக்காந்தா போதும், மலையெல்லாம் தெரியும்” என்றாள்.

எனக்கு அது லிஃப்ட். இழுக்க வயர் ரோப், விலகாமல் பிடிக்க கைடு ரெயில், மேலே மோட்டார். வரிசையில் நிற்கும்போதே காது தானாக அதில் போய் ஒட்டிக்கொண்டது. கூண்டு ஏறியது. முக்கால்வாசி உயரம் போனதும் ‘டக்’ என்று ஒரு சத்தம். இறங்கும்போது அதே இடத்தில் மறுபடியும் ‘டக்’. அடுத்த நடையிலும் அப்படியே. பாட்டுச் சத்தத்திலும் கூட்டத்தின் இரைச்சலிலும் வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது.

எங்கள் முறை வந்தது. நான் கையை நீட்டி மூவரையும் மறித்தேன்.

“இதுல ஏற வேண்டாம்.”

“ஏன்?” என்றாள் மகள்.

“சத்தம் சரியில்ல.”

சீருடை போட்டிருந்த பெண்ணிடம் இந்தியில் விசாரித்தேன். தினமும் காலையில் செக்கிங் நடக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று அவள் சிரித்தபடி சொன்னாள். மெயின்டனன்ஸ் ஆளைக் கூப்பிடுங்கள் என்றேன். பின்னால் நின்ற குடும்பம் முணுமுணுத்தது. ஒருவர், “அரே பாய்சாப், ஏறணும்னா ஏறுங்க, இல்லேன்னா வழி விடுங்க” என்று இந்தியில் குரலை உயர்த்தினார். மகளின் முகம் சிவந்துவிட்டது.

“அப்பா, நீங்க ட்யூட்டில இல்ல. ப்ளீஸ்.”

நான் மறுபடியும் அந்தப் பெண் பக்கம் திரும்பி மேலே கையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தேன். அந்த அரை நிமிடத்தில் மகள் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். கதவு மூடியது. கண்ணாடிக்குப் பின்னால் அவள் என்னைப் பார்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் கையசைத்தான்.

கூண்டு கிளம்பியது. தூணில் இருந்த வெல்டிங் வரிகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் தொடர்ந்தேன். ‘டக்’ கேட்டபோது தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

மனைவி என் மணிக்கட்டைப் பிடித்தாள். “என்ன செய்யுது ஒங்களுக்கு? கம்பிய இப்பிடி இறுக்கிப் பிடிச்சிருக்கிய. பெரிய பெரிய பில்டிங்கையெல்லாம் பாக்குற ஆளு, ஒரு சின்ன ராட்டினத்துக்கா இப்பிடி?”

அவளிடம் மூன்று வருடமாகச் சொல்லாத ஒன்றை அங்கே, ஐஸ்கிரீம் வண்டிக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன்.

மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடம். சாயங்காலம் சர்வீஸ் முடிக்கிற நேரத்தில் லிஃப்ட் இரண்டாவது மாடியில் நிற்கும்போது லேசாக உரசும் சத்தம் கேட்டது. அன்றைக்கு மகளுக்குப் பள்ளி ஆண்டு விழா. மேடையில் பேசப் போகிறாள். நாளைக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று பையை மூடிவிட்டேன். அவள் பேசிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. நான்காவது மாடியில் தனியாக இருக்கும் ஒருவர் இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டார். நான் போய் அவரை வெளியே எடுக்கும்வரை நாற்பது நிமிடம் இருட்டில் நின்றிருக்கிறார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் கேட்டார், குடித்தார். ஆனால் அன்றிலிருந்து லிஃப்டில் ஏறுவதில்லை. மாதாமாதம் நான் போகும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து ஏறிக்கொண்டிருப்பார். என்னைப் பார்த்தால் நின்று, “நன்னா இருக்கேளா? கொழந்தேள்லாம் சௌக்கியமா?” என்று கேட்பார். அவர் மாட்டிக்கொள்வதற்கு முன்பே நான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன் என்பது அவருக்குத் தெரியாது.

மனைவி என் மணிக்கட்டை விட்டுவிட்டாள். பிறகு கோபமாகத்தான் பேசினாள். “மூணு வருசமாவா? அதான் ஞாயித்துக்கெழம கூட நம்ம பில்டிங் லிஃப்ட் வாசல்ல காத வச்சிட்டு நிக்கியளா? நான் என்னென்னமோ நெனச்சேன். ஒங்களுக்கு ஏதோ சீக்கு, எங்கிட்ட மறைக்கிறியன்னு நெனச்சேன்.”

அவள் கண் நிறைந்திருந்தது. அதற்குள் கூண்டு இறங்கிவிட்டது. மகன் ஓடி வந்து, “அம்மா, ஒரு டேம் தெரிஞ்சுது!” என்றான். மகள் மெதுவாக வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

அப்போதுதான் மெயின்டனன்ஸ் ஆள் வந்தார். என் வயதுதான் இருக்கும். சட்டையில் கிரீஸ் கறை. மராட்டி வாடை அடிக்கும் இந்தியில், “சத்தம் கேட்டது யாருக்கு?” என்றார். கை தூக்கினேன். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார், சிரிக்கவில்லை.

“வாங்க, ஏறுவோம்.”

“ரெண்டு பேருமா?”

“நீங்க கேட்டத நானும் கேக்கணும்ல?”

நின்றுகொண்டே ஏறினோம். முக்கால் உயரம் வந்ததும் அவர் விரலைத் தூக்கினார். ‘டக்’. அதே நொடியில் கூண்டு மெல்லத் திரும்பத் தொடங்கியது. அந்த உயரம் வரைக்கும் கூண்டு சுழலாமல் ஒரு இரும்புப் பின் பூட்டி வைத்திருக்கிறது, அங்கே வந்ததும் அது விலகுகிறது, இறங்கும்போது மறுபடி விழுந்து பூட்டுகிறது என்று உள்ளங்கையில் விரலால் குத்திக் காட்டினார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. கீழே நின்று இதை யோசிக்காமல் போனேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

“நீங்க கேட்டது தப்பில்ல. கேக்காம இருந்தாத்தான் தப்பு” என்றார். பிறகு ரோப்புக்கு என்ன கிரீஸ் போடுகிறீர்கள், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை போடுகிறீர்கள் என்று நானும் அவரும் பேச ஆரம்பித்துவிட்டோம். மலை, டேம் எதையும் நான் பார்க்கவில்லை. இறங்கும்போது கேட்டேன், “உங்க வீட்டாளுங்க இங்க வருவாங்களா?”

“வருஷத்துக்கு ஒருதரம் வருவாங்க. அவங்க ரைடுல ஏறுனா நான் பார்க்கிங்ல போய் நின்னுக்குவேன்” என்றார். “இங்க இருந்தா ஒடம்பு ஒரு எடத்துல நிக்காது.”

கீழே வந்தபோது மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மேலே போயிருந்த நேரத்தில் அம்மா அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும்.

“அப்பா, அந்த ஸ்பீச்ல நான் நடுவுல மறந்துட்டேன். ஞாபகம் இருக்கா?”

“இல்லம்மா. போன் வந்துச்சு.”

“நீங்க எந்திரிச்சுப் போனத நான் மேடையிலேர்ந்து பாத்தேன். பிடிக்காமப் போறீங்கன்னு நெனச்சேன்.”

இப்படி ஒன்று அவள் மனதில் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியதேயில்லை. அந்தச் சாயங்காலத்தில் மாட்டிக்கொண்டவர் ஒருவர்தான் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். “இல்லட்டி, அப்பிடியெல்லாம் இல்ல” என்று மட்டும் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். பசிக்கிறது என்று தம்பி இழுத்ததால் சாப்பிடப் போனோம்.

சாயங்காலம் படகு. முழங்கால் அளவுத் தண்ணீரில், கம்பிப் பாதையில் தானாக நகரும் பிளாஸ்டிக் படகு. விழுந்தாலும் எழுந்து நடந்து வந்துவிடலாம். நால்வரும் ஏறினோம். கொஞ்ச தூரம் போனதும் மனைவி குனிந்து பார்த்தாள். என் கை இருக்கைக்கு அடியில் எதையோ தடவிக்கொண்டிருந்தது. அவள் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் இருந்த பாப்கார்ன் டப்பாவுக்குள் விட்டாள். “இதப் பிடிச்சிக்கிடுங்க” என்றாள். மகள் வாய்விட்டுச் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அப்போதுதான்.

மறுநாள் காலை பெரிய ரைடுகளின் வரிசையில் நின்றபோது, “வரீங்களா?” என்று கேட்டாள். தெரியவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். அவள் வற்புறுத்தவில்லை. இரண்டில் ஏறினேன், ஒன்றில் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். மற்றவற்றுக்கு அவர்கள் மூவரும் போனார்கள். நான் டீக்கடைப் பக்கம் போய், ரைடுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் வருவதற்காகக் காத்திருந்தேன்.