நான்காவது ஆள்

ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் பாதிப் பேரை "அசையாதே!" என்று அதட்டியே பிழைத்தவர் நேசையன். தாசில்தாரை அதட்டியிருக்கிறார், தாலி கட்டி முடித்த மாப்பிள்ளையை அதட்டியிருக்கிறார். நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த பிணத்தைக்கூடப் பழக்கதோஷத்தில் ஒருமுறை அதட்டிவிட்டார். சொன்ன பேச்சைக் கேட்டது அது ஒன்றுதான் என்று பிறகு சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவரிடம் இருந்தது ஒரு மடக்குக் கேமரா. சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்கார டாக்டர் விற்றுவிட்டுப் போனது. மூடியைத் திறந்தால் கறுப்புத் துருத்தி ஒன்று மூக்கை நீட்டும். துருத்தியில் விழுந்த ஓட்டைக்கு சைக்கிள் பஞ்சர் ஒட்டு. அந்தப் பெட்டியில் எதுவும் தானாக நடக்காது. தூரத்தை முடிச்சுக் கயிற்றால் அளக்க வேண்டும். வெளிச்சத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டும். பின்புறத்துச் சிவப்புக் கண்ணாடியில் அடுத்த எண் வந்து நிற்கும் வரை பிலிமைத் திருக வேண்டும். இவ்வளவையும் செய்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே நிற்பவர் மூக்கைச் சொறிந்துகொண்டிருப்பார். மனுஷருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

யுத்தம் மும்முரமாக நடந்த வருஷம். மதுரைக் கடைகளிலேயே பிலிம் இல்லை. கேமராவுக்குள் கடைசியாக இரண்டு படத்துக்கு இடம் மிச்சமிருந்தபோது ராஜபாளையத்திலிருந்து சுடலையம்மாள் ஆள் அனுப்பினாள். அவள் மகன் சமுத்திரம் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். அன்று சாயங்கால ரயிலில் போகிறான். அவன் முகம் வீட்டில் இருக்க வேண்டும். நேசையன் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

தாய் ஒரு பக்கம், மருமகள் வெள்ளைத்தாய் ஒரு பக்கம், நடுவில் சமுத்திரம். சுவரோரம் நிறுத்தி, கயிறு பிடித்து அளந்து, நேசையன் குனியப் போகும்போது சுடலையம்மாள் கையை நீட்டினாள்.

"செத்த நேரம் பொறும், படக்காரரே. மூணு பேரா படத்துல நிக்கக் கூடாது. நடுவுல நிக்கிறவனுக்கு ஆகாது."

"அப்ப நீங்களும் மகனும் ஒரு படம், மருமகளும் அவனும் ஒரு படம். ரெண்டு இருக்குல்லா?"

"பிரிச்சுப் பிடிக்கவா சொல்லுதீரு? எங்க குடும்பம் இன்னும் பிரியல."

நாலாவதாக ஒரு ஆள் வேண்டும். தெருப் பெண்கள் எல்லாரும் பருத்தி எடுக்கப் போயிருந்தார்கள். பக்கத்து வீட்டுத் தவசிமுத்து மட்டும் பல் குத்திக்கொண்டு வேடிக்கை பார்த்தான். மில்லில் ராத்திரி ஷிப்டு பார்ப்பவன். நேசையன் அவனைக் கைகாட்டினார்.

"வேத்து ஆம்பளையா? எம் மருமக நிக்கிற படத்துலயா?" என்றாள் சுடலையம்மாள். "ஊரு சிரிக்கும்."

அதுவரை வாய் திறக்காத வெள்ளைத்தாய் மெதுவாகச் சொன்னாள்: "தலைதான கணக்கு, அத்தே? நம்ம ஆட்டுக்குட்டி இருக்கே."

கொட்டிலிலிருந்து குட்டியைப் பிடித்து வந்து சமுத்திரத்தின் கையில் கொடுத்தார்கள். நேசையன் அமுக்கினார். அந்தக் கணத்தில் குட்டி துள்ளி இறங்கி ஓடியது. மூன்று பேரும் ஒன்றுபோலத் திரும்பினார்கள். பிலிமில் விழுந்தது மூன்று பின்மண்டைகள்.

"ஆட்டையா பட்டாளத்துக்கு அனுப்புதீய? அது போனாப் போகுதுன்னு விட வேண்டியதுதான?" நேசையன் தலையில் அடித்துக்கொண்டார்.

சூரியன் மேற்கு மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. சுவர் வேகமாக மங்கியது. மிச்சம் ஒரே படம்.

"நீரே வந்து நில்லும்," என்றாள் சுடலையம்மாள்.

"நான் மட்டும் வேத்து ஆம்பளை இல்லியா?"

"நீரு படக்காரரு. படக்காரரையெல்லாம் ஆம்பளைன்னு யாரு கணக்குல வச்சா?"

தவசிமுத்து விழுந்து விழுந்து சிரித்தான். நேசையன் சிரிக்கவில்லை. அந்தப் பெட்டியைத் தூசி தட்டுவதற்குக்கூடத் தன் மனைவி அன்னாளை விடாதவர் அவர். அதை இந்தப் பயல் கையில் கொடுப்பதா? முடியாது என்று சொல்லத்தான் சுவரோரமாகப் போய் வாயெடுத்தார். அப்போதுதான் பார்த்தார்: சமுத்திரத்தின் முதுகுக்குப் பின்னால், படத்தில் விழாத இடத்தில், வெள்ளைத்தாயின் விரல்கள் அவன் சட்டையைக் கொத்தாகப் பற்றியிருந்தன.

நேசையன் யாரையோ திட்டிக்கொண்டே கேமராவைக் கவிழ்த்த உரல்மேல் வைத்தார். பிலிமைத் திருகினார். வெளிச்சம் போதாது. விசையை அமுக்கிப் பிடித்திருக்கும் வரை கேமராவின் கண் திறந்தே இருக்கும்படி வைத்தார்.

"ஏலே தவசி, நான் 'ம்'முனா இதை அமுக்கு. 'விடு'ன்னா விடு. அம்புட்டுதான்."

போய்ச் சுடலையம்மாள் பக்கத்தில் நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் கேமராவுக்கு முன்னால் நின்றதே இல்லை.

"ம்."

தவசிமுத்து அமுக்கினான்.

"விடு."

தவசிமுத்து விடவில்லை. திறந்த கண்ணாடியை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"விடுலே! ஏலே, கையை எடுலே, மூதேவி!"

மற்ற மூவரும் இமைகூட அசைக்கவில்லை. மத்தியானம் முழுக்க வாங்கிய வசவு அப்படி.

சமுத்திரம் ரயிலேறிப் போனான். மறுநாள் பிலிமைக் கழுவிப் பார்த்த நேசையனுக்கு வயிறு எரிந்தது. மூன்று முகங்களும் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தன. அவர் போட்ட கணக்குப்படி விட்டிருந்தால் படம் வெறும் இருட்டாகத்தான் வந்திருக்கும். தவசிமுத்துவின் மந்தபுத்திதான் அதைக் காப்பாற்றியிருந்தது. ஓரத்தில் ஒரு வேட்டி நின்றது. அதற்குமேல் தலை இருக்க வேண்டிய இடத்தில் புகை.

"இந்த ஓரத்தை மட்டும் வெட்டித் தாரேன், யம்மா," என்று படத்தைக் கொண்டுபோய்க் கெஞ்சிப் பார்த்தார்.

"வெட்டினா மூணாயிரும்லா? இருந்துட்டுப் போவும்."

வாசலுக்கு நேர் எதிரே மாட்டினாள். வருகிறவர்கள் எல்லாம் "இந்த மூஞ்சி இல்லாதவரு யாரு?" என்று கேட்க, அவள் நேசையனின் பெயரை ஊரோடு சேர்த்துச் சொன்னாள்.

அதற்குப் பிறகு நேசையன் ராஜபாளையத்துக்கு எந்த வேலையாகப் போனாலும் அந்தத் தெரு வழியாகத்தான் போனார். "வெட்கமா இல்லியா உமக்கு?" என்று அன்னாள் கேட்டால், படம் மங்குகிறதா என்று பார்க்கப் போவதாக எரிந்து விழுவார். வாசலுக்கு நேரே வந்ததும் பிரேக்கைப் பிடிப்பார். பார்ப்பது ஒன்றைத்தான்: படத்துக்கு மாலை போட்டிருக்கிறார்களா? இல்லையென்று தெரிந்ததும் தவசிமுத்துவை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே சைக்கிளை ஓங்கி மிதிப்பார்.