நாயாற்று முகத்துவாரத்தில்

மார்கழி. முல்லைத்தீவிலிருந்து ஒரு வரைபடத்தை மட்டும் நம்பி மூன்றாம் நாளாகத் தனியே நடக்கிறேன். நேற்று ஏறி இறங்கிய கல்மலை காட்டுக்கு மேலே நீலமாகத் தெரிகிறது. ஒரு பக்கம் கடல். மறு பக்கம் மழையில் நிரம்பித் தளும்பும் நாயாற்றுக் களப்பு. களப்பின் வாயை அடைத்துக் கிடக்கும் மணல்திட்டுத்தான் என் பாதை. அதன் நடுவில் உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றி மணலை உதறிவிட்டு, மலையைப் பார்த்தபடி ஆறுதலாகப் பாண் தின்கிறேன்.

அக்கரையில் பத்துப் பேர் மண்வெட்டிகளோடு நிற்கிறார்கள். தின்று முடித்து, நடந்துபோய்ச் சேர்கிறேன்.

"வேலை முடிஞ்சு இளைப்பாறுறியள் போல?"

தொப்பி அணிந்த கமக்காரர் ஒருவர் சிரிக்கிறார்.

"இல்லைத் தம்பி, இனித்தான் வேலை. வயலெல்லாம் தண்ணி. இண்டைக்கு இந்த மணலை வெட்டிக் களப்புத் தண்ணியைக் கடலுக்கு விடாட்டி பயிர் அழுகிப்போகும். நீங்கள் நடுவிலை இருக்கிறதைக் கண்டிட்டுத்தான் நிக்கிறம்."

"ஒரு குரல் குடுத்திருக்கலாமே!"

"சாப்பிடுற ஆளை எழுப்புறதோ?"

அவர்கள் ஒரு சாண் அகலத்துக்கு மணலைக் கீறிவிடுகிறார்கள், அவ்வளவுதான். நூலாக ஓடும் தண்ணீர் தன் கரைகளைத் தானே தின்கிறது. மணற்சுவர்கள் தொம்மென்று சரிகின்றன. பிறகு களப்பே எழுந்து முழங்கிக்கொண்டு கடலுக்குள் பாய்கிறது. காலடியில் நிலம் அதிர்கிறது.

நான் பாண் தின்ற இடத்தில் இப்போது மீன் துள்ளுகிறது.