பால்கனியில் காய்ந்த ரொட்டி

காய்ந்த ரொட்டிக்கு ஒரு வாசனை உண்டு. சூடான ரொட்டியின் வாசனை ஊருக்கே தெரியும், அதைச் சொல்வதில் ஒன்றுமில்லை. நான் சொல்வது நான்கு நாள் வெயிலில் கிடந்து, ஓரம் மேலே வளைந்து, நகத்தால் தட்டினால் "டொக்" என்று கேட்கும் ரொட்டியின் வாசனை, கொஞ்சம் புளிப்பும் கொஞ்சம் வறுத்த மாவுமாக மூக்கில் ஏறுவது. வளைகுடாவில், கராமாவில் நாங்கள் இருந்த ஃபிளாட்டின் சமையலறைப் பால்கனியில், பக்கத்துக் கட்டடம் போனால் போகிறதென்று விட்டுக்கொடுத்த ஒரு முழ டிசம்பர் வெயிலில், துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே, குப்பைப் பை வைக்கும் மூலையை ஒட்டி, ஒரு பெரிய அலுமினியத் தட்டில் அம்மா அதைப் பரப்பி வைத்திருந்தாள். இன்றைக்கு எங்கேயாவது அந்த வாசனை வந்தால் எனக்குப் பசி எடுப்பதில்லை. யாரோ என்னைப் பார்க்கிறார்கள் என்று சட்டென்று திரும்பிப் பார்க்கிறேன்.

நான் ஒரு சந்தேகப் பிராணி என்று என் கணவர் சொல்வார். சொல்லட்டும். பத்து வயதில் அந்தச் சமையலறையில் வளர்ந்திருந்தால் அவரும் அப்படித்தான் ஆகியிருப்பார்.

நாங்கள் இருந்த ஃபிளாட் என்றேன், அதில் எங்களுடையது ஒரே ஓர் அறை. மற்றோர் அறையும் ஹாலும் கீழக்கரைக்காரர் ஒருவருடையவை. அவருக்குத் தேராவில் துணிக்கடை. அவரை அப்பா "காக்கா" என்பார், அவர் மனைவி ஜொகராவை அம்மா "லாத்தா" என்பாள், நானும் அப்படியே. அவர்கள் ஊர்ப் பேச்சில் அண்ணன், அக்கா என்று அர்த்தம். அவர்களுடைய பிள்ளைகள் ஊரில் தங்கிப் படித்ததால் லாத்தாவுக்கு என்மேல் ஒரு தனி வாஞ்சை, பள்ளிக்கூட பஸ் இறக்கிவிட்டு நான் மேலே வந்தால் "வா புள்ள, மொகம் வாடிக் கெடக்கு" என்று கையில் எதையாவது திணிப்பார். ஆனால் வாடகைப் பத்திரம் காக்கா பெயரில் இருந்தது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் நாங்கள் காலி செய்ய வேண்டும். அப்பாவின் சம்பளத்துக்குக் கராமாவில் வேறு அறை கிடைக்காது. ஒரு ஹோட்டலின் பேக்கரி செக்‌ஷனில் வேலை பார்த்த அப்பா, டியூட்டிக்குக் கிளம்பும்போது ஷூ மாட்டிக்கொண்டே தினமும் இதையே ஓதுவார்: "தேவையில்லாம வாயத் தொறக்காத. இந்த ரூம் போச்சுன்னா நீயும் புள்ளையும் ஊருக்குத்தான், நான் பெட் ஸ்பேஸுக்குத்தான்." பெட் ஸ்பேஸ் என்றால் பலர் தங்கும் அறையில் ஒரு கட்டில் மட்டும். அங்கே பிறந்த எனக்கு "ஊருக்கு" என்ற சொல் மற்றக் குழந்தைகளுக்குப் பூச்சாண்டி மாதிரி.

சமையலறை பொது. அடுப்பில் இடப்பக்கம் இரண்டு பர்னர் எங்களுக்கு, வலப்பக்கம் இரண்டு அவர்களுக்கு. ஃபிரிட்ஜில் மேல்தட்டு அவர்களுடையது. எங்கள் பாத்திரங்களின் அடியில் அம்மா சிவப்பு நெயில் பாலிஷால் புள்ளி வைத்திருந்தாள். எண்ணெய் பாட்டிலில் பேனாவால் கோடு போடுவாள், மறுநாள் அந்தக் கோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். லாத்தா மட்டும் என்னவாம், சர்க்கரை டப்பாவின் மூடியில் நூல் சுற்றி வைத்திருப்பார். இருவரும் எதிரெதிரே வந்துவிட்டால் அப்படி ஒரு சிரிப்பு! நோன்புப் பெருநாளுக்கு அவர்கள் தட்டு நிறைய வட்டிலப்பம் கொடுத்தார்கள், தட்டை வெறுமனே திருப்பக் கூடாது என்று அம்மா அதில் சர்க்கரை கொட்டிக் கொடுத்தாள். அந்த வீட்டில் எல்லாம் மரியாதையாகத்தான் நடந்தது. அதனால்தான் எதையும் நம்ப முடியவில்லை.

அந்த ஃபிளாட்டில் எங்களுக்கு அதுதான் முதல் கிறிஸ்துமஸ். அதற்கு முன்னால் இருந்த இடத்தில் ஓவன் கிடையாது, இங்கே லாத்தாவின் அடுப்போடு சேர்ந்து ஓவன் இருந்தது. அம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது. ஹோட்டலில் அப்பா வருஷாவருஷம் வான்கோழிகளின் வயிற்றில் அடைக்கத் தட்டுத் தட்டாக ரொட்டி உலர்த்துகிறார், நம் வீட்டில் ஒரு கோழிக்காவது செய்யக் கூடாதா என்றாள். அதற்கு அவள் வைத்த பெயர் "வயித்து ரொட்டி". அப்பா செய்முறை சொன்னார்: ரொட்டி காய்ந்திருக்க வேண்டும், ஈரம் இருந்தால் உள்ளே களியாகிவிடும். ஹோட்டலிலிருந்து ஏதோ ஒரு தண்டுக்கீரையை டிஷ்யூ பேப்பரில் சுற்றிக்கொண்டும் வந்தார். அம்மா மோந்து பார்த்துவிட்டு, "இது என்ன எழவு வாசம்" என்று அதை ஒதுக்கிவைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, நுணுக்கின மிளகு, கோழி ஈரல், முந்திரி, கிஸ்மிஸ், புதினா என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள்.

லாத்தா எட்டிப் பார்த்துக் கேட்டார், "அதுல என்னம்மா ஊத்துவிய?" கேள்வி சாதாரணமானதுதான். ஆனால் அவர் கண் அப்பா கொண்டுவந்த வினிகர் பாட்டில் மேல் இருந்தது.

"கோழி வேக வச்ச தண்ணிதான் லாத்தா. கோழியும் நீங்க வாங்குத கடையிலதான்" என்றாள் அம்மா. ரொட்டி உலர்த்தப்போவதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அறைக்குள் வந்ததும் கதவைச் சாத்திவிட்டு என்னிடம், "சாராயம் ஊத்துவோம்னு நெனைக்கா பாத்தியா" என்றாள்.

இருபதாம் தேதி இரண்டு பாக்கெட் ரொட்டியைத் தட்டில் பரப்பினோம். நான்தான் அடுக்கினேன், ஆறு வரிசை, வரிசைக்கு ஆறு. மறுநாள் காலை அம்மா புரட்டிப் போடப் போனாள். கடைசி வரிசையில் நான்கு இல்லை. "நீ தின்னியாட்டி?" என்றாள். நான் இல்லை என்றேன். அடுத்த நாள் இன்னும் ஐந்து காணோம். பூனை ஏறாத நாலாவது மாடி. பறவை தூக்கியிருந்தால் தூள் சிந்தியிருக்கும், தட்டு துடைத்த மாதிரி இருந்தது. அம்மா என்னைப் பார்த்தாள், நான் லாத்தாவின் அறைக் கதவைப் பார்த்தேன்.

வாயைத் திறக்க வழியில்லை. அறை அவர்களுடையது, ஓவனும் அவர்களுடையது. குளிர்கால லீவில் சும்மா இருந்த என்னை, கணக்கு நோட்டோடு சமையலறை மூலையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார வைத்தாள். "படிக்கிற மாதிரி இரு. தலைய மட்டும் நிமித்தாத." வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது. எவ்வளவு ஆசையாகச் செய்தேன் என்பதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அன்றைக்கு லுஹர் என்கிற மத்தியானத் தொழுகை முடித்து, தலையில் துப்பட்டியோடு லாத்தா பால்கனிக்குப் போனார். இடமும் வலமும் பார்த்தார். தட்டிலிருந்து நான்கு துண்டு எடுத்தார். அதோடு முடியவில்லை, நான் பார்த்தது இன்னும் இருக்கிறது: அந்தக் காய்ந்த ரொட்டியை உதட்டில் வைத்து முத்தினார், இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார், பிறகு உள்ளங்கையில் நொறுக்கி, பால்கனிக் கம்பிக்கு வெளியே இருந்த ஏசிப் பெட்டியின் மேல் தூவினார். இரண்டு புறா வந்தது. அவை தின்று முடிக்கும்வரை நின்றுவிட்டு, கையில் ஒட்டிய தூளையும் தட்டிப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

அம்மாவிடம் ஓடிப் போய், "லாத்தாதான். சுத்திமுத்திப் பாத்துட்டு எடுத்தாங்க" என்றேன். மிச்சத்தைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ வருஷம் என்னையே குடைந்திருக்கிறேன். மிச்சத்தைச் சொன்னால் என் துப்பறிதல் சப்பென்று போய்விடும், அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

மறுநாள், இருபத்து மூன்றாம் தேதி மத்தியானம், அம்மா தானே கொஞ்ச நேரம் சமையலறையில் நின்றாள். சாயங்காலம் தட்டை எடுத்து எங்கள் அறைக் கட்டிலுக்கு அடியில் செய்தித்தாள் விரித்துப் பரப்பினாள். கடைக்குப் போகும்போது அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள். ஒரே ஃபிளாட்டுக்குள் இருப்பவர்கள் அறையைப் பூட்டுவது எவ்வளவு பெரிய வார்த்தை என்பது அப்படி இருந்தவர்களுக்குத் தெரியும். நாங்கள் திரும்பி வந்தபோது லாத்தா ஹாலில் நின்றுகொண்டிருந்தார், காக்காவும் கடையிலிருந்து வந்திருந்தார்.

"என்னம்மா, எங்கள களவாணின்னு நெனச்சிட்டியளா?"

"எம்புள்ள கண்ணால பாத்திருக்கு லாத்தா" என்றாள் அம்மா.

"எடுத்தேன், இல்லேங்கல. குப்பைப் பையிக்குப் பக்கத்துல மூணு நாளா ரொட்டி காஞ்சு கெடக்கு. சாப்பாட்டைக் குப்பைல போட்டா அந்த வீட்டு பரக்கத்து, செழிப்பு எல்லாம் போயிரும். சொன்னா மனசு நோகுவியன்னு வாயத் தொறக்காம குருவிக்கும் புறாவுக்கும் போட்டேன்." பேசிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் எனக்காக ஒரு சின்னச் சிரிப்புகூட இருந்தது. "புள்ள பாத்துச்சுல்ல, நான் முத்தி எடுத்தத? களவாங்குறவ முத்தியா எடுப்பா? சொல்லு புள்ள."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவின் கை என் தோளில் இருந்தது.

"பாக்கல" என்றேன்.

லாத்தா துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போனார். காக்கா தொண்டையைச் செருமிவிட்டு டிவியைப் போட்டார்.

ஓவனைக் கேட்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. அப்பா தலையில் அடித்துக்கொண்டு, பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த சைட்டிலிருந்து ஒரு பை மணல் கொண்டுவந்தார். பெரிய குண்டானில் மணலைப் பரப்பி, அதன்மேல் தட்டு வைத்து, மூடிபோட்டு எங்கள் பர்னரில் ஏற்றினோம். ரொட்டியைச் சதுரமாக நறுக்கி, வெண்ணெயில் வெங்காயமும் ஈரலும் வதக்கிக் கொட்டி, கோழி வெந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டு அம்மா பிசறினாள். பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் உதிர வேண்டும், அதுதான் பதம். கோணி ஊசியால் கோழியின் வயிற்றைத் தைத்தது நான். ருசி எப்படி என்றால், நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததுதான் உறுத்தியது.

அப்பா சொல்லித் தட்டில் ஒரு பங்கு ஹாலுக்குப் போனது. லாத்தா வாங்கிக்கொண்டார். மறுநாள் தட்டு திரும்பி வந்தது, பளிச்சென்று கழுவி, வெறுமனே. ஒரு பேரீச்சம்பழம்கூட இல்லை. அவர்கள் தின்றார்களா, புறாவுக்குப் போட்டார்களா என்று நான் ஏசிப் பெட்டியின் மேல் எட்டிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

ஜனவரியில் காக்கா அப்பாவைக் கூப்பிட்டு, ஊரிலிருந்து மச்சான் குடும்பம் வருகிறது, அறை வேண்டும் என்றார். தன்மையாகத்தான் சொன்னாராம். அந்த மச்சான் குடும்பம் வந்ததா, அப்படி ஒரு மச்சான் உண்டா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். மார்ச்சில் பரீட்சை முடிந்ததும் நானும் அம்மாவும் விமானம் ஏறித் தூத்துக்குடிக்குப் போனோம். அப்பா சத்வாவில் ஆறு பேர் அறையில் மேல்கட்டில் பிடித்துக்கொண்டார். பதினோரு வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வருவார், வந்த முதல் வாரம் முழுக்க வீட்டில் விருந்தாளி மாதிரி கேட்டுக் கேட்டுத் தண்ணீர் குடிப்பார்.

இப்போது நான் ஷார்ஜாவில் இருக்கிறேன். என் சமையலறை முழுக்க எனக்கே, நாலு பர்னரும், ஓவனும். கராமாவில் அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். தேராவில் காக்காவின் கடை இருந்த இடத்தில் செல்ஃபோன் உறை விற்கிறார்கள், அவர்களைக் கேட்டால் "மாலும் நஹி", தெரியாது என்கிறார்கள். வயித்து ரொட்டிக்கு இப்போது யாரும் ரொட்டி உலர்த்துவதில்லை, டிசம்பர் வந்தால் உலர்த்தி, நறுக்கி, பையில் அடைத்தே சூப்பர் மார்க்கெட்டில் வைத்துவிடுகிறார்கள். அப்பா இறந்து மூன்று வருஷம் ஆகிறது.

போன கிறிஸ்துமஸுக்கு அம்மா விசிட் விசாவில் வந்திருந்தாள். நான் அந்தப் பையைப் பிரிக்கும்போது, அன்றைக்கு விழுங்கியது தானாக வெளியே வந்துவிட்டது. "அம்மா, லாத்தா அன்னைக்கு முத்திதான் எடுத்தாங்க. நான் பாத்தேன். பாக்கலன்னு பொய் சொன்னேன்."

அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்ட்டி. மறுநா நானும் நின்னு பாத்தேன்லா."

நான் பையைக் கீழே வைத்தேன். "பெறவு ஏம்மா ரூமப் பூட்டுன?"

"களவாண்டிருந்தான்னா மன்னிச்சிருப்பேன்" என்றாள். "நம்மள ரொட்டிய வீணாக்குதவங்கன்னு நெனச்சிட்டாளே. அது பொறுக்கல."

அவ்வளவுதான், அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள். அதற்காகவா பதினோரு வருஷம் என்று கத்த வேண்டும் போல இருந்தது. நானும் அதே சமையலறையில் ஒரு பொய் சொன்னவள், கத்த எனக்கு என்ன யோக்கியதை? அப்பாவுக்கு இது தெரியுமா என்று கேட்க வாயெடுத்தேன். தெரியும் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்து கேட்காமலே இருந்துவிட்டேன்.