முன்னணையின் அர்த்தம்

தாராபுரத்துக்குப் பக்கத்தில் ஈஸ்வரமூர்த்திக் கவுண்டர் தோட்டத்தில் பொற்கொடி இருபத்திரண்டு வருஷமாக மாடு பார்த்துவந்தாள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவாள். படிப்பு கிடையாது, காதால் கேட்டே கிறிஸ்துமஸ் பாட்டெல்லாம் மனப்பாடம். பாலன் முன்னணையில் கிடந்தார் என்று வரும். அணை என்றால் தலையணைதானே? முன்னணையும் ஏதோ பஞ்சு மெத்தை என்றே நினைத்திருந்தாள்.

1995 டிசம்பரில் கோயிலில் குடில் கட்டினார்கள். பொற்கொடி கைப்பட ஒரு குட்டி மெத்தை தைத்துக் கொண்டுபோனாள். புதிதாக வந்திருந்த உபதேசியார் தனபால் அதை வாங்கிப் பார்த்தார்.

"நல்லாத் தச்சிருக்கீங்கக்கா. ஆனா முன்னணைன்னா மெத்தை இல்லீங்க. மாட்டுக்குத் தீவனம் போடற தொட்டிங்க."

"காடிங்களா?"

"காடியேதானுங்க. சத்திரத்துல எடமில்லாம, புள்ளையத் துணியில சுத்தி அதுலதான் படுக்க வெச்சாங்க."

பொற்கொடி மெத்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

அவள் மகன் ஆல்வின் பிறந்தது கவுண்டர் தோட்டத்து மாட்டுக் கொட்டகையில். சாணி அள்ளும்போதே வலி கண்டுவிட்டது. பெரிய வீட்டு வாசலில் போய் நின்றாள். யாரும் உள்ளே வரச் சொல்லவில்லை. கூட வேலை செய்த காளியாத்தாள்தான் பிரசவம் பார்த்தாள். ஈரத் தரையில் போட மனமில்லாமல் பிள்ளையைக் காடியில் வைக்கோல்மேல் கிடத்தினார்கள். மகனிடம் மட்டும், பெரியாஸ்பத்திரியில் பிறந்தாய் என்றே சொல்லி வளர்த்தாள்.

போத்தனூரில் லேத் பட்டறையில் வேலை பார்த்த ஆல்வின் பண்டிகைக்கு ஊர் வந்தான். சோறு போட்டுக்கொண்டே அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஏம்மா இத்தன நாளா மறைச்சே?"

"கேவலமா இருந்துச்சு கண்ணு. இப்ப இல்ல."

அவன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினான். "எந்தக் காடின்னு காட்டு, வா."

இருவரும் தோட்டத்துக்கு நடந்தார்கள். கிழக்குக் கோடியில், ஒரு முனை உடைந்த கல்தொட்டி. சிவலைக் கிடாரி ஒன்று அதில் சோளத்தட்டு தின்றுகொண்டிருந்தது. ஆல்வின் அதன் கழுத்தை ஒதுக்கித் தொட்டிக்குள் கை வைத்து, நீளத்தை ஒரு சாண், இரண்டு சாண் என்று அளந்தான்.

"நான் படுக்கப் பத்தியிருக்கும்" என்றான்.

"காலு கொஞ்சம் இடிச்சுதப்பா" என்றாள் பொற்கொடி.