படத்தின் இடப்பக்கம்

மகளின் பக்கத்தில் நின்ற ஒரு தகப்பனை நான் புகைப்படத்திலிருந்து வெட்டி எறிந்தேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன். நீங்கள் நம்பாவிட்டாலும் வருத்தமில்லை, நடந்தது நடந்ததுதான்.

ஓய்வுக்குப் பிறகு கேமராவோடு ஓசூர்த் தெருக்களில் சுற்றுவேன். ஒரு மார்கழிக் காலை, கம்பெனி பஸ்ஸுக்காக நீலச் சீருடைக் கோட்டு போட்டு ஸ்டெல்லா என்ற பெண் நின்றிருந்தாள். மொபெட்டில் கொண்டுவந்து விட்ட அப்பா ஆரோக்கியம் ஏதோ கேலி செய்ய, அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எடுத்தேன். வீட்டில் கணினியில் இடப்பக்கமிருந்த அப்பாவை வெட்டி, அவளை ஓரத்துக்குத் தள்ளி, வலப்பக்கம் ஆளில்லாத பனிச் சாலையை அப்படியே விட்டேன், அவ்வளவுதான், சிரித்த பெண் அழுகிறவளாகிவிட்டாள். வெட்டும் கோட்டை நகர்த்தினால் படத்தின் மனசே மாறுகிறதே என்று எனக்குத் துள்ளல். வெட்டியதையே மூலப்படத்தின் மேல் சேமித்து, 'கைவிடப்பட்டவள்' என்று கண்காட்சிக்கு அனுப்பினேன். பரிசும் வந்தது.

படம் வாட்ஸ்அப்பில் பரவி, அவர்கள் ஊருக்கும் போய், எவனோ ஏமாற்றிவிட்டான் என்று பேச்சாகி, பேசி முடித்த மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கினார்கள். ஆரோக்கியம் என்னைத் தேடி வந்தார். கோபப்படவில்லை.

"எம் பொண்ணு அழுவலீங்க சார், சிரிச்சிக்கினு இருந்துச்சு. நான் பக்கத்துலயேதான் நின்னேன். முழுப் படத்தைக் குடுங்க, நாலு பேருக்குக் காட்டணும்."

அழிந்துவிட்டது என்றேன். உண்மையை ஊரறியச் சொல்லியிருக்கலாம். பரிசு போய்விடுமென்று வாயை மூடிக்கொண்டேன். அடுத்த மார்கழிக்குள் அவர் மாரடைப்பில் போய்விட்டார்.

அதன்பின் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கண்காட்சிக்காரர்களிடம் உண்மையைச் சொல்லிப் பரிசைத் திருப்பிக் கொடுத்தேன். ஸ்டெல்லாவின் கையில் அந்தப் படத்தைக் கொடுத்து, கிழித்துப் போடு என்று மன்னிப்புக் கேட்க நினைத்தேன். பட்டப்பகல், தெரிந்த ஸ்டூடியோ, பென்டிரைவைக் கொடுத்தேன், இயந்திரத்திலிருந்து படம் வந்தது, அகலமாக. இடப்பக்கம் மொபெட், அதில் சாய்ந்தபடி ஆரோக்கியம், வாயெல்லாம் சிரிப்பு. திரையைப் பார்த்தால் அங்கே வெட்டியது வெட்டியபடியே இருக்கிறது. "நீங்க குடுத்ததத்தான் போட்டேன் சார், இந்தாளு எங்கிருந்து வந்தாரு" என்று ஸ்டூடியோக்காரர் என்னையே கேட்டார். பயமா சந்தோஷமா தெரியவில்லை, அவர் கேட்ட முழுப் படம் கிடைத்துவிட்டது, ஆட்டோ பிடித்து ஓடினேன்.

ஸ்டெல்லா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. படத்தில் அப்பாவின் கழுத்தில் விரலை வைத்தாள்.

"இந்த மெரூன் மப்ளர் நான் தீபாவளி போனஸ்ல வாங்குனது சார். நீங்க போட்டோ எடுத்தப்ப இது இல்ல. ஒரு நாள்கூடக் கட்டாம பத்திரமா வெச்சிருந்தாரு. சவப்பெட்டியை மூடறதுக்கு முன்னாடி நான்தான் கழுத்துல சுத்தி விட்டேன்."

படம் இப்போது அவள் வீட்டில், உள்ளே வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற சுவரில் மாட்டியிருக்கிறது. அதே பென்டிரைவைப் பல ஸ்டூடியோக்களில் கொடுத்துப் பார்த்துவிட்டேன். ஆரோக்கியம் திரும்ப வரவேயில்லை, அந்த வெறும் சாலைதான் வருகிறது. ஆனால் ஒவ்வொரு பிரதியிலும், இடது ஓரத்தில், நான் வெட்டிய கோட்டை ஒட்டி, ஒரு மெரூன் குஞ்சம் மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறது.