இருபது ஸ்டூல்கள்

முப்பத்தெட்டு வருஷம் நின்ற கால் அது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் துணிக்கடையில் விளக்குமாறு பிடித்தவர், மூன்று மாடிக்கும் மேற்பார்வையாளர் ஆனார். யார் சிபாரிசும் கிடையாது. விரல் நுனியால் தொட்டே அந்தத் துணி எத்தனை துவைப்புக்குத் தாங்கும் என்று சொல்லிவிடுவார். பொய் என்பவன் ஒரே ஒரு நாள் அங்கே வந்து நின்று பார்க்கட்டும். படித்த மேனேஜர்கள் ஐந்து பேர் வந்தார்கள், போனார்கள். இவர் நின்றார். கடையில் அவருக்குப் பெயரே தூண் அண்ணன்.

வாங்க வருகிறவர் முன்னால் உட்கார்ந்திருப்பது மரியாதைக் கேடு. இது அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, ரத்தத்தில் ஊறியது. முதலாளிக்கும் அதே எண்ணம்தான். வாங்க வருகிறவர்கள் மட்டும் சளைத்தவர்களா? விற்கிற பெண் உட்கார்ந்திருந்தால், "மகாராணிக்கு எந்திரிக்க மனசு வரலையோ?" என்று கேட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள்.

அப்போதுதான் சட்டம் வந்தது: கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும். முதலாளி இருபது ஸ்டூல் வாங்கிப் போட்டுப் படமும் எடுத்துத் தொழிலாளர் துறைக்கு அனுப்பினார். துணிக்கட்டு வைக்க அவை வாகாக இருந்தன.

திரைச்சீலைப் பிரிவில் தூண் அண்ணனின் மருமகள் வேலை செய்தாள். அவர் வாங்கிக் கொடுத்த வேலை. இப்போது ஏழாம் மாதம். கால் வீங்கிச் செருப்பு வார் தோலில் பதிந்திருந்தது.

"மாமா, மத்தியானம் ஆளே இல்லாத நேரத்துல கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா?"

"உங்க அத்தை ஒன்பதாம் மாசம் வரைக்கும் நின்னுதான் மில்லுல வேலை பாத்தா."

"அதான் அத்தையால இப்ப ஒரு படி ஏற முடியல."

"கால்தான் வலிக்குது, வாய் நல்லாத்தான் ஓடுது" என்றார் அவர். பேச்சு அதோடு முடிந்தது.

ஒரு மத்தியானம் தொழிலாளர் துறை அதிகாரி வந்தார். "ஸ்டூல்ல யாராவது உக்காருறீங்களாம்மா?" என்று கேட்டார். பெண்கள் எல்லாரும் தூண் அண்ணன் முகத்தைப் பார்த்தார்கள்.

"எங்களுக்கு அது பழக்கமில்லைங்க சார்" என்றார் அவர்.

மருமகள் பக்கத்து ஸ்டூலில் இருந்த துணிக்கட்டைத் தூக்கிக் கீழே வைத்தாள். உட்கார்ந்தாள். "எனக்கு வேணும் சார்."

அதிகாரியோடு கூடவே வந்திருந்த முதலாளி அவளைப் பார்க்கவில்லை. தூண் அண்ணனைப் பார்த்தார்.

"சார் நிக்கிறாரு, நீ உக்காருவியா? எந்திரி" என்றார் தூண் அண்ணன் மருமகளிடம்.

அவள் அதிகாரியைப் பார்த்தாள். சட்டம் அவர் கையிலிருந்த காகிதத்தில்தான் இருந்தது. ஆனால் கடையில் வேலை செய்கிற பெண் உட்கார்ந்திருக்கத் தான் நிற்பது அவருக்கும் என்னவோபோல் இருந்தது. "பெரியவர் சொல்றாருல்ல, எந்திரிம்மா" என்றார். பிறகு எழுதினார்: 'இருக்கைகள் உள்ளன. ஊழியர்கள் பயன்படுத்த விரும்பவில்லை.' அதன் கீழே ஊழியர் சார்பில் தூண் அண்ணன் அழகாகக் கையெழுத்துப் போட்டார். அவள் எழுந்து, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் முதலாளி அவர் தோளைத் தட்டினார். "உங்கள மாதிரி ஆளு எங்க கிடைக்கும்?" முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தட்டு. நெஞ்சு நிமிர வீட்டுக்குப் போனார். மகன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான்.

"அவ அம்மா வீட்டுக்குப் போறோம்பா. குழந்தை பொறந்தா, பாக்க வராதீங்க."

"எந்திரின்னுதானேடா சொன்னேன்? வேற ஒரு வார்த்தை தப்பாச் சொன்னேனா?"

"அந்த ஒண்ணு போதும்பா" என்றான் மகன், பெட்டியின் பட்டையை இழுத்து இறுக்கியபடி.